சுண்டுவிரலும் துண்டுக் காகிதமும்

அந்த அம்மாவுக்கு வயது 40. பீடி சுற்றுவது தொழில். முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் விரல்கள் தானாக ஓடும். இலையைப் பார்க்கவே வேண்டாம். ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டுக் கட்டாகச் சுற்றிவிடுவார்.

ஒரு நாள் காலையில் கை ஓடவில்லை. இலை நழுவி நழுவி விழுந்தது. இடது கையைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விலகி நின்றது. சேர்த்துப் பார்த்தார். சேரவில்லை. முழங்கையில் கடுமையான வலி. கையும் காலும் வீங்கியிருந்தன. முதுகிலும் கையிலும் இருந்த தேமல்கள் சிவந்து தடித்திருந்தன. தொட்டால் சுட்டது.

அவர் அப்போது தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். 3 மாதம் முடிந்திருந்தது. ஆரம்பத்தில் அந்தத் தேமல்கள் வலித்ததே இல்லை. அரித்ததும் இல்லை. கிள்ளினாலும் தெரியாது. மாத்திரை தொடங்கிய பிறகுதான் இந்த வலி.

"இந்த மாத்திரை உனக்கு ஒத்துக்கலை. உடம்பைச் சூடாக்கிடுச்சு. நிறுத்திடு" என்றார் கணவர்.

"கத்தரிக்காய் சாப்பிட்டியா? கருவாடு சாப்பிட்டியா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

அந்த அம்மா மாத்திரை அட்டையைத் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டார். 10 நாள் போனது. வலி குறையவில்லை.

மாத்திரையா இந்த வீக்கத்தைக் கொண்டு வந்தது? கருவாடா? இரண்டும் இல்லை. அப்படியானால் யார்? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

முள் குத்தினால் என்ன நடக்கிறது?

காலில் கருவேல முள் குத்துகிறது. முள்ளை எடுத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். மறுநாள் அந்த இடம் சிவந்திருக்கும். தொட்டால் சூடாக இருக்கும். வீங்கியிருக்கும். வலிக்கும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கும் சேர்ந்து வரும். 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோம் நாட்டைச் சேர்ந்த செல்சஸ் என்பவர் இந்த நான்கையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். இதற்கு அழற்சி என்று பெயர்.

இதை முள் செய்யவில்லை. நம் உடம்பே செய்கிறது.

நம் இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உண்டு. வெள்ளை அணுக்களும் உண்டு. வெள்ளை அணுக்கள் காவல்காரர்கள். முள்ளோடு கிருமிகள் உள்ளே போனதும் காவல்காரர்களுக்குச் செய்தி போகிறது. அந்த இடத்துச் சின்ன இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் அதிகமாக வருகிறது. அதனால் சிவப்பு, அதனால் சூடு. குழாய்ச் சுவர் வழியாக நீர் கசிகிறது. வெள்ளை அணுக்களும் நுழைந்து வெளியே வருகின்றன. அதனால் வீக்கம். வீக்கம் அழுத்துவதாலும், அங்கே ஊறும் சில பொருள்கள் நரம்பைத் தூண்டுவதாலும் வலி.

சண்டை நடக்கிறது. கிருமிகள் சாகின்றன. காவல்காரர்களிலும் பலர் சாகிறார்கள். சீழ் என்று நாம் துடைத்துப் போடுவதில் பெரும் பகுதி, செத்த வெள்ளை அணுக்கள்தான். சில நாளில் புண் ஆறிவிடுகிறது. சண்டை நடந்த தடம் கூடத் தெரிவதில்லை.

ஆகவே அழற்சி நமக்கு நல்லதே. அது இல்லாவிட்டால் ஒரு முள்ளே ஆளைக் கொன்றுவிடும். ஆனால் சண்டை எந்த இடத்தில் நடக்கிறது என்பது முக்கியம். காலின் சதையில் நடந்தால் பெரிய கெடுதல் இல்லை. மெல்லிய, குறுகிய இடத்தில் நடந்தால்?

சத்தம் போடாத கிருமி

தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873இல் இதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் இதைப் பாவத்தின் சம்பளம் என்றும், பரம்பரை நோய் என்றும் சொன்னார்கள். இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு.

இது மிகவும் மெதுவான கிருமி. மற்ற கிருமிகளில் சில, 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். இந்தக் கிருமி இரண்டாவதற்குச் சுமார் 2 வாரம் ஆகும். அதனால் உடம்புக்குள் புகுந்து, நோய் வெளியே தெரிய 5 ஆண்டு ஆகலாம். 20 ஆண்டு கூட ஆகலாம். குளிர்ச்சியான இடம் அதற்குப் பிடிக்கும். ஆகவே தோலிலும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளிலும் போய்த் தங்கும்.

நம்மில் 100 பேரில் 95 பேருக்கு இந்தக் கிருமியை அடக்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. கிருமி வந்தாலும் அவர்களுக்கு நோய் வராது. மீதிப் பேருக்குத்தான் சிக்கல். அவர்களின் காவல்காரர்கள் இந்தக் கிருமியைச் சரியாக அடையாளம் காண்பதில்லை. கிருமி நரம்புக்குள் படுத்துக் கிடக்கும். வலி இல்லை, வீக்கம் இல்லை. நாமும் டாக்டரிடம் போக மாட்டோம். வலிக்காத நோயை யார் நோய் என்று நினைக்கிறோம்?

இதற்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. இந்தியாவில் 1983 முதல் அது கொடுக்கப்படுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கிய உடனேயே கிருமிகள் மளமளவென்று சாகத் தொடங்கும். பிறகு அவரிடமிருந்து மற்றவருக்கு நோய் பரவாது. தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அதற்குத் தேவையே இல்லை.

2005ஆம் ஆண்டு முடிவில், நம் நாட்டில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. ஆனால் நோய் ஒழியவில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள்.

குதிருக்குள் எலி

அந்த அம்மாவின் வீட்டுக்குக் கிராம சுகாதார நர்சு வந்தார். அந்த மாத மாத்திரையை வாங்க அவர் வரவில்லையே என்று தேடி வந்தார்.

"ஏக்கா வரலை?"

அந்த அம்மா பேசவில்லை. கையை நீட்டிக் காட்டினார்.

கணவர்தான் பேசினார். "நல்லாத்தான் இருந்தா நர்சம்மா. உங்க மாத்திரை சாப்பிட்டுத்தான் இப்படி ஆயிட்டா. நோயே தேவலை போலிருக்கு."

நர்சு கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க வீட்டுல நெல் குதிர் இருந்திருக்கா?"

"எங்க அப்பா காலத்துல இருந்தது. மண் குதிர்."

"அந்தக் குதிருக்குள்ள எலி புகுந்துட்டா என்ன செய்வீங்க?"

"புகை போடுவோம். பொறி வைப்போம்."

"நாலு பேர் தடி எடுத்துக்கிட்டு எலியை அடிச்சா?"

கணவர் சிரித்தார். "எலியும் சாகும், குதிரும் உடையும். நெல்லெல்லாம் தெருவுல கிடக்கும்."

"அக்கா கைக்குள்ள இப்ப அதுதான் நடக்குது" என்றார் நர்சு.

முழங்கையின் பின்பக்கம், உள்ளோரத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. நம் எல்லாருக்கும் அது தெரியும். கதவில் அந்த இடம் இடித்தால் சுண்டுவிரல் வரை 'ஜிவ்' என்று மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும். அந்த நரம்புதான். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்ச்சி தருவது அது. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் அதுவே. எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து வழியாக அது போகிறது. அதற்கு மேலே ஓர் உறையும் உண்டு.

கிருமி அந்த நரம்புக்குள் பல ஆண்டுகளாக ஒளிந்திருந்தது. மருந்து சாப்பிட்டதும் கிருமிகள் செத்தன. செத்து உடைந்த கிருமித் துண்டுகள் வெளியே வந்தன. இத்தனை நாள் தூங்கிய காவல்காரர்களுக்கு இப்போது அடையாளம் தெரிந்துவிட்டது. விழித்துக்கொண்டார்கள். அடிக்கத் தொடங்கினார்கள். செத்த கிருமியையும் அடித்தார்கள். அது கிடக்கும் நரம்பையும் சேர்த்து அடித்தார்கள்.

காலில் முள் குத்தினால் சதை வீங்க இடம் இருக்கிறது. நரம்புக்கு அந்த இடம் இல்லை. உறைக்குள்ளேயே வீங்குகிறது. நரம்பு நசுங்குகிறது. அதற்குப் போகும் இரத்தமும் குறைகிறது. சில நாளிலோ சில வாரத்திலோ விரல் செயலிழந்து போகும்.

இதற்கு எதிர்விளைவு என்று பெயர். ஆஸ்பத்திரியில் ரியாக்‌ஷன் என்பார்கள். தொழுநோய் உள்ள பலருக்கு இது வருகிறது. அதிகமாக வருவது மருந்து தொடங்கிய முதல் 6 மாதத்தில். மருந்து தொடங்கும் முன்பும் வரலாம். சிலருக்கு எதிர்விளைவு வந்த பிறகுதான் தொழுநோய் இருப்பதே தெரிகிறது.

கை மடங்கி, கால் துவண்டு போனவர்களைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். கிருமி விரலைத் தின்றுவிட்டது என்று சொல்கிறோம். கிருமி விரலைத் தின்பதில்லை. பெரும்பாலும் இந்தச் சண்டைதான் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் உணர்ச்சி போகிறது. உணர்ச்சி போனால் சுடுவது தெரியாது, வெட்டுவது தெரியாது. புண் மேல் புண்ணாகி விரல் குறைகிறது.

நம் காவல்காரர்களே நமக்குக் கெடுதல் செய்வது இந்த நோயில் மட்டும் அல்ல. சில குழந்தைகளுக்குத் தொண்டை வலி வந்து ஆறிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு மாறி மாறி வீங்கும். தொண்டைக் கிருமியை அடிக்கக் கிளம்பிய காவல்காரர்கள் குழந்தையின் இதய வால்வையும் சேர்த்து அடிப்பதால் வரும் நோய் அது. அதைப் பற்றி எழுத ஒரு தனிப் பாடமே வேண்டும்.

காகிதத்தைப் பிடியுங்கள்

நர்சு தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். இரண்டு துண்டாக்கினார்.

"அண்ணே, இதை உங்க சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல இடுக்கிப் பிடிங்க. விரலை மடக்கக் கூடாது. நான் இழுப்பேன்."

இழுத்தார். காகிதம் வரவில்லை. பலமாக இழுத்தார். கிழிந்தது.

"இப்ப அக்கா."

அந்த அம்மாவின் வலது கையிலும் காகிதம் நின்றது. இடது கையில் வைத்தார். இழுக்கவே இல்லை. காகிதம் தானாக நழுவித் தரையில் விழுந்தது.

கணவர் அதைக் குனிந்து எடுத்தார். மறுபடி தானே மனைவியின் விரலிடுக்கில் வைத்துப் பார்த்தார். மறுபடி விழுந்தது.

"இது எப்ப இருந்துக்கா?"

"பத்து நாளா."

"அப்ப கை திரும்பிடும். இன்னைக்கே கிளம்புங்க" என்றார் நர்சு.

நர்சு அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நரம்பு பலம் இழந்து 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால், பலம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. நாள் ஏற ஏற வாய்ப்பு குறையும். ஆண்டுக்கணக்கில் செத்த நரம்பை எந்த மருந்தும் எழுப்பாது.

தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இந்தக் காகிதச் சோதனையை அவரோடு செய்து பாருங்கள். இன்னும் சில சோதனைகளும் சுலபம். கண்ணை மெதுவாக மூடச் சொல்லுங்கள். முழுதும் மூடுகிறதா, வெள்ளை விழி தெரிகிறதா? குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்கி நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். ஒரு பாதம் மட்டும் தொங்குகிறதா? கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பேனா முனையால் மெல்லத் தொடுங்கள். தொட்ட இடத்தைச் சரியாகக் காட்டுகிறாரா? போன மாதம் முடிந்தது இந்த மாதம் முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. வலி இல்லாமலே நரம்பு கெடுவதும் உண்டு. வலி வரட்டும் என்று இருந்தால் ஏமாந்துபோவோம்.

சண்டையை அடக்கும் மருந்து

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் முழங்கையைத் தடவிப் பார்த்தார். நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது. தொட்டதும் அந்த அம்மா துடித்தார்.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, நிறுத்திய மாத்திரையை உடனே தொடர வேண்டும். கிருமியை மிச்சம் வைக்கக் கூடாது. இரண்டு, சண்டையை அடக்க வேறு மாத்திரை வேண்டும்.

அந்த மாத்திரையின் பெயர் பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. அது கிருமியைக் கொல்லாது. காவல்காரர்களின் கையைப் பிடித்து, "போதும், அடிக்காதே" என்று நிறுத்தும். வீக்கம் வடியும். நரம்பு மூச்சு விடும்.

முதலில் அதிக அளவு கொடுப்பார்கள். பிறகு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். முடிய 3 முதல் 6 மாதம் ஆகலாம். வலி போய்விட்டது என்று பாதியில் விட்டால் சண்டை மறுபடி மூளும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்த மாத்திரையைப் போன்ற ஒரு பொருளை நம் உடம்பே தினமும் சுரக்கிறது. மாத்திரை வெளியிலிருந்து வந்தால் உடம்பு தன் வேலையைக் குறைத்துவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடம்பு கையிருப்பு இல்லாமல் தவிக்கும். மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை.

கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது. காவல்காரர்களின் கையைக் கட்டினால் வேறு திருடன் உள்ளே வர வழியாகிவிடும். மறைந்து கிடக்கும் காசநோய் தலைதூக்கலாம். சர்க்கரை ஏறலாம். இரத்த அழுத்தம் ஏறலாம். வயிறு புண்ணாகலாம். அதனால்தான் டாக்டர் அந்த அம்மாவிடம் இருமல் இருக்கிறதா, சளி வருகிறதா என்று கேட்டார். இரத்தமும் சிறுநீரும் சோதித்தார். அவர் கர்ப்பமாக இருக்கிறாரா என்றும் கேட்டார். இத்தனை கேள்வி ஏன் என்று கணவருக்கு அலுப்பாக இருந்தது. கேட்காமல் கொடுக்கும் ஆளிடம்தான் நாம் பயப்பட வேண்டும்.

முழங்கை ஆடாமல் இருக்க ஒரு பட்டை கட்டினார்கள். வலி தீரும் வரை அந்தக் கைக்கு ஓய்வு. பீடி வேலைக்கும் ஓய்வு. கூலி போனது. அது சின்ன விஷயம் இல்லை. கடன் வாங்கித்தான் அந்த மாதம் ஓடியது.

பாட்டி எண்ணெய் காய்ச்சிக் கொண்டு வந்தார். உருவி விடட்டுமா என்றார். வீங்கிய நரம்பை அழுத்தித் தேய்த்தால் இன்னும் நசுங்கும். சூடான ஒத்தடமும் வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோலில் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். பாட்டியின் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. எண்ணெயை அவர் தலைக்குத் தேய்த்துக்கொண்டார்.

கத்தரிக்காயும் கருவாடும்? இந்தச் சண்டையை அவை மூட்டுவதில்லை. இருப்பதைச் சாப்பிடலாம்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. சிலருக்கு மாத்திரையே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. அப்போது அடையாளம் வேறு. உடம்பு முழுதும் அரிப்பு வரும், தோல் உரியும், அல்லது கண் மஞ்சளாகும். அப்படி இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போவதும், தோல் கொஞ்சம் கறுப்பதும் பயப்பட வேண்டியவை அல்ல. மருந்தின் நிறம் அது.

இன்னொரு வகை எதிர்விளைவும் இருக்கிறது. அதில் பழைய தேமல் சிவக்காது. நல்ல தோலில் புதிதாகச் சிவந்த சிறு கட்டிகள் வரும். தொட்டால் வலிக்கும். கூடவே காய்ச்சல் அடிக்கும். மூட்டு வலிக்கும். கண் சிவந்து, வெளிச்சம் பார்த்தால் கூசும். இது வந்து வந்து போகும் வகை. கண்ணில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

12 மாத அட்டையும் முடிந்த பிறகு கூட எதிர்விளைவு வரலாம். கிருமி செத்தாலும் அதன் துண்டுகள் உடம்பில் நெடுநாள் கிடக்கும். அதைப் பார்த்துக் காவல்காரர்கள் மறுபடி கிளம்பலாம். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து ஒளிய வேண்டாம். ஆஸ்பத்திரியில் காட்டினால் எது என்று பார்த்துச் சொல்வார்கள்.

அந்த அம்மாவுக்கு இரண்டாவது மாதத்தில் வலி தீர்ந்தது. நாலாவது மாதத்தில் காகிதம் விரலிடுக்கில் நின்றது. இழுத்தால் மட்டும் வந்துவிடும். 12 மாத மாத்திரை முடிந்தபோது இழுத்தாலும் வரவில்லை. சுண்டுவிரல் நுனியில் கொஞ்சம் மரத்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுப்பில் பாத்திரம் இறக்கும்போது துணி வைத்துப் பிடிக்கிறார்.

அவருடைய சிகிச்சை அட்டையின் பின்பக்கம் நர்சு பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "தேமல் சிவந்தால், கை கால் வீங்கினால், விரல் சேராவிட்டால், கண் சிவந்தால், உடனே வரவும்." இரவு வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவர் அந்த அம்மா. முதல் தடவை கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து அதைப் படித்தார். 'வரவும்' என்ற சொல்லுக்கு வர வெகு நேரம் ஆனது. அட்டை இப்போதும் தகர டப்பாவில்தான் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு துண்டுக் காகிதம். மாதம் பிறந்தால் கணவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, "எங்கே, கையை நீட்டு" என்கிறார்.